வெகுளி என்றால் அப்பாவியா, ஆத்திரமா?

ஐயா, எங்கள் வீட்டில் 'அவள் வெகுளி, யார் எது சொன்னாலும் நம்பிவிடுவாள்' என்பார்கள். தொல்காப்பியத்தில் வெகுளி என்றால் கோபம் என்று படித்தேன். எது சரி?

இரண்டும் சரிதான். இன்றைய பேச்சில் வெகுளி என்றால் சூதுவாது தெரியாத ஆள். பழைய நூல்களில் சினம். சினம் கொள்ளாதே என்று சொல்லும் குறளின் 31ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'வெகுளாமை'. 'அப்பாவியாக இருக்காதே' என்று அதற்குப் பொருள் சொன்ன ஒரு மாணவரை எனக்குத் தெரியும்!

கூத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன தொடர்பு?

தொல்காப்பியத்தின் ஓர் இயலான மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. கூத்தில் மனசுக்குள்ளேயே புழுங்கினால் பார்க்க வந்தவருக்கு என்ன தெரியும்?

வெகுளி நான்கு காரணங்களால் பிறக்கும்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. கையையோ கண்ணையோ சிதைத்தல், மனைவி சுற்றத்தாருக்குக் கேடு சூழ்தல், கோல்கொண்டு அடித்தல் என்று முதல் மூன்றையும் விளக்குகிறார் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர். நான்காவதுக்கு அவர் தரும் பொருள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கொலை என்றால் ஒருவருடைய அறிவையும் புகழையும் 'கொன்றுரைத்தல்'. ஆளைத் தொடாமல் பெயரைக் கொல்வது. ஊர்ச் சண்டைகளில் பாதி இதில் அடங்கிவிடும்.

கண்ணகியின் கோபம் எதில் சேரும்?

குடிகோளில் சேர்ப்பேன். கணவனை இழந்துதானே பாண்டியன் வாயிலுக்கு வந்தாள்.

வடமொழி நாட்டிய நூலில் வரும் ரௌத்திரமும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய. ஆனால் நாட்டிய சாஸ்திரத்தில் குரோதம் (கோபம்) என்பது பாவம், அதாவது மன உணர்வு; அதிலிருந்து விளையும் ரசம்தான், அதாவது பார்ப்பவர் பெறும் சுவைதான் ரௌத்திரம்.

பள்ளி நாடகத்தில் என் மகனுக்குக் கோபக்கார ராஜா வேடம். நாள் முழுக்கக் கத்திப் பழகுகிறான், தொண்டை போய்விட்டது. என்ன செய்யலாம்?

முதலில் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். அப்புறம் இதைச் சொல்லுங்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் 24 அவிநயங்களை, அதாவது உணர்வை உடலால் நடித்துக் காட்டும் முறைகளை, காட்டுகிறார். தொடக்கமே வெகுண்டோன் (கோபம் கொண்டவன்) அவிநயம்தான். மடித்த வாய், மலர்ந்த மார்பு, துடித்த புருவம், சுட்டிய விரல், கன்றிய உள்ளத்தோடு கையைப் புடைத்தல். குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா? கண்ணாடி முன்னால் நிற்கவைத்து உதட்டை உள்ளே மடிக்கச் சொல்லுங்கள். அப்படியே கத்திப் பார்க்கட்டும், முடியாது. கோபமெல்லாம் புருவத்துக்கும் விரலுக்கும் போய்விடும்.