தீப்பாறைகள் எப்படிப் பிறக்கின்றன, எரிமலைகளின் குணம் ஏன் வேறுபடுகிறது?

கேள்வி: தீப்பாறைகள், அதாவது உருகிய குழம்பு உறைந்து ஆன பாறைகள், எவ்வாறு உருவாகின்றன? ஓர் எரிமலை குழம்பை வழியவிட்டுக்கொண்டே இருக்கையில், இன்னோர் எரிமலை தன் உச்சியையே சிதறடித்துக்கொள்வது ஏன்?

பதிலைத் தொடங்குமுன் பரவலாக உள்ள ஒரு தவறான சித்திரத்தை விலக்கிவிட விரும்புகிறேன். புவியின் மேலோட்டுக்கு அடியில் உருகிய பாறைக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதாகவும், விரிசல் விழும் இடங்களில் அதுவே எரிமலையாகப் பீறிடுவதாகவும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீளும் மேன்டில் எனப்படும் கவசப் பகுதி, அதன் பெரும்பங்கில் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் நிலவியும், திடப்பாறையாகவே இருக்கிறது. மேலே உள்ள பாறையின் எடை தரும் அழுத்தம் அதை உருகவிடுவதில்லை. ஆகவே, திடமாக இருக்கும் பாறை எதனால் உருகத் தொடங்குகிறது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. அவற்றில் இரண்டுக்கு வெப்பம் கூட வேண்டிய தேவையே இல்லை. நடுக்கடல் மலைத்தொடர்களில் புவித்தட்டுகள் விலகும்போதும், ஹவாய் போன்ற இடங்களின் அடியில் சூடான பாறை ஆழத்திலிருந்து மெல்ல எழும்போதும், அந்தப் பாறையின் மீதான அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் தாழ்கிறது. பசிபிக் பெருங்கடலின் விளிம்புகளில் நடப்பது வேறு. அங்கே ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழே அமிழும்போது, கனிமங்களுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறி மேலுள்ள கவசப் பாறைக்குள் ஏறி, அதன் உருகுநிலையைச் சில நூறு டிகிரி வரை தாழ்த்திவிடுகிறது. மூன்றாவது வழிதான் வெப்பத்தால் உருகுவது: கீழிருந்து வரும் சூடான மாக்மா (நிலத்தடியில் உள்ள உருகிய பாறைக் குழம்பு), கண்ட மேலோட்டுக்குள் தேங்கி, சுற்றியுள்ள பாறையை உருக்குகிறது.

எந்த வழியில் உருகினாலும் பாறை முழுவதும் உருகுவதில்லை. கவசப் பாறையில் பெரும்பாலும் சில விழுக்காட்டிலிருந்து இருபது விழுக்காடு வரையே உருகுகிறது. எளிதில் உருகும் கூறுகள் முதலில் பிரிந்து வருவதால், உருகி வந்த குழம்பின் வேதியியல் தாய்ப்பாறையினதைப் போல இருப்பதில்லை. இவ்வாறு கிடைப்பதே ஏறத்தாழ 50 விழுக்காடு சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்) கொண்ட பசால்ட் மாக்மா. அது மேலேறும் வழியில் தேங்கிக் குளிரும்போது, ஒலிவின், பைராக்சின் போன்ற சிலிக்கா குறைந்த கனிமங்கள் முதலில் படிகமாகி விலகிக்கொள்ள, எஞ்சிய திரவத்தில் சிலிக்காவின் பங்கு படிப்படியாக உயர்கிறது. இந்த வரிசையை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நார்மன் போவன் ஆய்வகச் சோதனைகளால் நிறுவினார். மேலோட்டுப் பாறை உருகிக் கலப்பதும், இரு மாக்மாக்கள் ஒன்றோடொன்று சேர்வதும் இந்த மாற்றத்தை மேலும் தூண்டுகின்றன. சிலிக்கா 60 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் ஆண்டிசைட், அதைத் தாண்டினால் டேசைட், 70ஐக் கடந்தால் ரியோலைட் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

தீப்பாறையின் வேதியியலை உருகுதலும் இந்தப் பயணமும் தீர்மானிக்கின்றன. அதன் தோற்றத்தையோ குளிரும் வேகமே தீர்மானிக்கிறது. இவை ஒன்றையொன்று சாராத இரண்டு செய்திகள் என்பது விளங்கிவிட்டால் பாறைப் பெயர்களின் குழப்பம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. பசால்ட்டும் கேப்ரோவும் ஒரே மாக்மாவின் பிள்ளைகள். முன்னது மேற்பரப்பில் விரைவாகக் குளிர்ந்தது, பின்னது ஆழத்தில் நிதானமாகக் குளிர்ந்தது. ஆண்டிசைட்டுக்கு டயோரைட்டும் ரியோலைட்டுக்குக் கிரானைட்டும் அவ்வாறே இணை. கிரானைட்டில் கண்ணால் காணக்கூடிய குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் படிகங்கள் இருப்பதே அது பல கிலோமீட்டர் ஆழத்தில் மிக நீண்ட காலம் குளிர்ந்ததற்குச் சான்று. பெரிய படிகங்கள் நுண்மணிப் பாறைக்குள் பதிந்திருந்தால், அந்த மாக்மா முதலில் ஆழத்தில் மெல்லவும் பின்னர் மேலே விரைந்தும் குளிர்ந்தது என்று படித்துக்கொள்ளலாம்.

இது எளிதில் ஏற்கப்பட்ட உண்மை அன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பசால்ட் கடல்நீரிலிருந்து படிந்த பாறை என்று ஜெர்மனியின் வெர்னரும் அவரைப் பின்பற்றியவர்களும் வாதிட்டனர். உருகிய குழம்பிலிருந்தே அது வந்தது என்று ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் கூறினார். ஹட்டனுக்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு இருந்தது: கல்லை உருக்கிக் குளிரவைத்தால் கண்ணாடிதானே கிடைக்கிறது, படிகம் நிறைந்த பாறை எங்கிருந்து வரும்? ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால், கண்ணாடி ஆலையில் மிக மெதுவாகக் குளிர்ந்த கண்ணாடி தன் ஒளி ஊடுருவும் தன்மையை இழந்து படிகமாகியிருந்ததை அறிந்திருந்தார். அவர் பசால்ட் வகைப் பாறையை உலையில் உருக்கி, விரைந்து குளிர்வித்தபோது கண்ணாடியும், நிதானமாகக் குளிர்வித்தபோது மூலப்பாறையை ஒத்த படிகப் பாறையும் கிடைப்பதைக் காட்டி, 1798இல் அந்த முடிவுகளை முன்வைத்தார். ஹட்டன் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். பாறையியலில் இத்தனை எளிமையும் இத்தனை தெளிவும் கூடிய சோதனைகள் வெகு சிலவே.

இனி எரிமலைகளுக்கு வருவோம். மாக்மாவில் நீரும் கார்பன் டைஆக்சைடும் கந்தக வாயுக்களும் அழுத்தத்தால் கரைந்திருக்கின்றன; மேலேறி அழுத்தம் குறையும்போது அவை குமிழிகளாகப் பிரிகின்றன. எரிமலையின் குணம் அந்தக் குமிழிகள் தப்பிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. சிலிக்கா அணுக்கூட்டங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலிகளாகவும் வலைகளாகவும் அமைவதால், சிலிக்கா கூடக் கூட மாக்மாவின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, உயர்கிறது. 1,100 அல்லது 1,200 டிகிரியில் வெளிவரும் பசால்ட் குழம்பு தேனைப் போல ஓடும். 700 முதல் 850 டிகிரியில் வரும் ரியோலைட் குழம்போ அதைவிடப் பல்லாயிரம் மடங்கிலிருந்து கோடி மடங்கு வரை கெட்டியானது. ஓடும் குழம்பில் குமிழிகள் எழுந்து வெளியேறிவிடுகின்றன. கெட்டிக் குழம்பில் அவை சிறைப்பட்டு, விரிந்து, குழம்பின் கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கை நிரப்பும் நிலை வரும்போது, குழம்பு திரவமாக நீடிக்க முடியாமல் நொறுங்கிச் சாம்பலாகவும் நுரைக்கல்லாகவும் வெடித்துக் கிளம்புகிறது.

பசால்ட் எரிமலைகள் ஆகையால்தான் அகலமாகவும் தாழ்ந்த சரிவோடும் வளர்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஹவாயின் மவுனா லோவா, ஆயிரக்கணக்கான மெல்லிய லாவா (வெளியே வழிந்த மாக்மா) ஓட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து எழுந்த கேடய எரிமலை. இவற்றை ‘அமைதியான எரிமலைகள்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி பிளவு திறந்து எட்டு மாதங்களில் ஏறத்தாழ 14 கன கிலோமீட்டர் பசால்ட் குழம்பைக் கொட்டியது. அதனுடன் வந்த கந்தக, ஃபுளோரின் வாயுக்களால் புல்வெளிகள் நஞ்சாகி, கால்நடைகள் மாண்டு, பஞ்சம் மூண்டு, அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். பெரிய வெடிப்பு இல்லை என்பதைக் கேடு இல்லை என்று பொருள்கொள்ளலாகாது.

ஆண்டிசைட், டேசைட் மாக்மாக்கள் செங்குத்தான அடுக்கு எரிமலைகளைக் கட்டுகின்றன. கரைந்த நீர் மிகுந்திருப்பதால் இவை கொடியவை. 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவின் பெலே மலையிலிருந்து இறங்கிய எரிசாம்பல் மேகம், செயின்ட் பியர் நகரை நிமிடங்களில் அழித்தது. சுமார் 28,000 பேர் மாண்டனர். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில், 1980ஆம் ஆண்டு டேசைட் மாக்மா உள்ளே ஏறியதால் வடக்குச் சரிவு நூறு மீட்டருக்கும் மேல் புடைத்திருந்தது; மே 18 அன்று அந்தச் சரிவு நிலநடுக்கத்தில் சரிந்ததும், மாக்மாவின் மேலிருந்த அழுத்தம் சட்டென விலகி அது பக்கவாட்டில் வெடித்தது. அந்த மலை பிறகு நடந்துகொண்ட விதமே என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது. தொடர்ந்த ஆண்டுகளில் அதே டேசைட், வாயுவை முன்னரே இழந்த நிலையில், எரிமலைவாயில் மெல்லப் பிதுங்கி ஒரு குவிமாடமாக எழுந்தது. ஆகவே சிலிக்காவின் அளவை மட்டும் கொண்டு ஓர் எரிமலை வெடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. வாயு எவ்வளவு மிச்சமிருக்கிறது, மாக்மா எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பவையும் தெரிய வேண்டும்.

ரியோலைட் மாக்மா பெரும்பாலும் மேலோட்டுக்குள்ளேயே தங்கிக் கிரானைட்டாகிவிடுகிறது. பெருமளவில் வெளியேறினால், மாக்மா தேங்கியிருந்து காலியான நிலத்தடி அறையின் கூரை உள்ளே விழுந்து கால்டெரா என்னும் பெரும் பள்ளம் உண்டாகிறது. சுமத்ராவின் டோபா ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அத்தகைய வெடிப்பால் ஆனது. அதன் சாம்பல் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் படிந்தது. எனினும் யெல்லோஸ்டோனில் இதே வகை மாக்மா, வாயு குறைந்த நிலையில் தடித்த ஓட்டமாக வழிந்து, அப்சிடியன் என்னும் கரும் கண்ணாடிப் பாறையாகவும் உறைந்திருக்கிறது.

மறுபக்கத்தில் பசால்ட்டும் வெடிப்பதுண்டு. கடல்நீரோ நிலத்தடி நீரோ சூடான குழம்பைத் தொட்டால் நீராவி அதைச் சிதறடிக்கும். 1963இல் ஐஸ்லாந்துக்கு அருகே சர்ட்சி தீவு கடலிலிருந்து அப்படித்தான் எழுந்தது. 1886இல் நியூசிலாந்தின் தாராவேராவில் பசால்ட் மாக்மாவே பெருவெடிப்பை நிகழ்த்தியது. டான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் மலையோ சிலிக்கா அறவே குறைந்த கார்பனேட் குழம்பை 500 முதல் 600 டிகிரியிலேயே கக்குகிறது. கறுப்பாக வெளிவரும் அந்தக் குழம்பு காற்றின் ஈரம் பட்டு வெளுத்துவிடும்.

ஒரே எரிமலைக்குள், ஒரே வெடிப்புக் காலத்திலேயே கூட மாக்மா மாறக்கூடும். 2018இல் ஹவாயின் கிலாவேயாவில் பிளவுகள் திறந்தபோது, முதலில் வந்தது பல ஆண்டுகளாக நிலத்தடியில் தேங்கிக் குளிர்ந்திருந்த பழைய, கெட்டியான குழம்பு. 17ஆம் பிளவிலிருந்து அந்த எரிமலையில் அரிதான ஆண்டிசைட்டே வெளிப்பட்டது. புவியியலாளர்கள் லாவா மாதிரிகளை உடனுக்குடன் ஆய்ந்துகொண்டிருந்தனர். சில வாரங்களில் அதன் வேதியியல் மாறி, சூடான புதிய பசால்ட் வரத் தொடங்கியது. 8ஆம் பிளவிலிருந்து பாய்ந்த அந்த இளகிய குழம்பு ஆறாக ஓடிக் கடலை எட்டியது; அவ்வாண்டு அழிந்த நூற்றுக்கணக்கான வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பாய்ச்சலில் புதைந்தவையே.