லோன் முடியாத காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

கேள்வி: மூணு வருஷத்துக்கு முன் 8 லட்சம் ரூபாய் லோன் போட்டு கார் வாங்கினேன். ஏழு வருஷத் தவணை, 9.5% நிலையான வட்டி, மாதம் 13,075 ரூபாய். இன்னும் 5.20 லட்சம் அசல் பாக்கி. குடும்பம் பெருசாகிவிட்டதால் ஏழு சீட்டர் பார்த்தோம். ஷோரூமில் பழைய காருக்கு 4.60 லட்சம் தருவதாகவும், "பேங்க் லோனை நாங்களே க்ளோஸ் பண்ணிடறோம், குறையுறதைப் புது லோன்ல சேர்த்துக்கலாம்" என்றும் சொல்கிறார்கள். சாவியைக் கொடுக்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

ஷோரூம்காரர் 5.20-லிருந்து 4.60-ஐக் கழித்து, "அறுபதாயிரம்தானே சார்" என்றிருப்பார். பேங்கின் கணக்கு வேறு. உங்கள் லோன் பத்திரத்தில் முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் 4% என்று வைத்துக்கொண்டால் 20,800 ரூபாய். அதற்கு 18% ஜிஎஸ்டி 3,744. ஆக, மொத்தம் 5,44,544 கட்டினால்தான் கணக்கு முடியும். துண்டு விழுவது 84,544. கடைசித் தவணையிலிருந்து கட்டும் நாள்வரை ஓடும் வட்டி தனி. இதை அதே வட்டியில் ஏழு வருஷப் புது லோனில் சேர்த்தால் மாதம் 1,382 ரூபாய் கூடும், முடிவில் 1.16 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதுவும் உங்கள் வாசலில் இல்லாத ஒரு காருக்கு!

என்னைப் பயமுறுத்துவது இந்தத் தொகை அல்ல. "நாங்களே க்ளோஸ் பண்ணிடறோம்" என்ற வார்த்தைதான். லோன் உங்கள் பெயரில். ஷோரூம் பணம் கட்டத் தாமதித்தால் பேங்க் உங்களைத்தான் கேட்கும். தவணை பவுன்ஸ் ஆனால் சிபில் ஸ்கோர் விழுவதும் உங்களுக்குத்தான். லோன் முடிந்தாலும் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறும்வரை சட்டப்படி உரிமையாளர் நீங்களே. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று: 2007-ல் விற்ற கார், கைமாறிக் கைமாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர். இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

எனவே ஷோரூம் பேச்சைக் காகிதமாக்குங்கள். பேங்கில் ஃபோர்குளோசர் ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள். எந்தத் தேதிவரை எவ்வளவு என்று அதில் இருக்கும். 4.60 லட்சத்தை ஷோரூம் நேராக உங்கள் லோன் கணக்குக்கே அனுப்பட்டும், மீதியை நீங்கள் கட்டுங்கள். பணம் ஏறியதைப் பார்த்தபிறகு சாவியைக் கொடுங்கள். பேங்க் தரும் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் இருந்தால்தான் ஆர்டிஓ அலுவலகத்தில் ஹைப்பாத்திகேஷன், அதாவது வண்டி பேங்கின் அடமானத்தில் இருக்கிறது என்ற பதிவு, நீங்கும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப சகஜம், தயவுசெய்து செய்யாதீர்கள். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலர்களிடம் வண்டியை ஒப்படைப்பதைப் படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது. உங்கள் ஷோரூமுக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பதிலில் தடுமாறினால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

இன்னொன்று: 4.60 லட்சத்தில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, காரின் விலை எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

என்னைக் கேட்டால், ஒரு வருஷம் பொறுங்கள். இன்னும் 12 தவணை கட்டினால் அசல் சுமார் 4.08 லட்சத்துக்கு இறங்கும், அதாவது 1.12 லட்சம் குறையும். உங்கள் கார் ஒரே வருஷத்தில் அவ்வளவு விலை இறங்குவது அரிது. இப்போது விழும் துண்டில் பெரும்பகுதி தானாகவே அடைபட்டுவிடும். ஏழு பேர் போகும் ஊர்ப் பயணங்களுக்கு அதுவரை வாடகை இன்னோவா போதும், மலிவும்கூட.

எப்போது கொடுத்தாலும் ஃபாஸ்டேகை முடக்க மறக்காதீர்கள். இன்சூரன்ஸில் மூணு வருஷமும் க்ளெய்ம் கேட்காமல் இருந்திருந்தால் 35% நோ க்ளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். கம்பெனியிடம் கடிதம் வாங்கிவைத்தால் மூணு வருஷத்துக்குள் புது காரின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ஷோரூமில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.