குடிக்கிற இரவில் கொழுப்பு மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு வருடமாக இரவில் அட்டர்வாஸ்டாட்டின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை நண்பர்களோடு குடிப்பதுண்டு. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அதனால் அந்த இரவு மட்டும் மாத்திரையை விட்டுவிடுகிறேன். இது சரியா?

பதில்: அந்த ஒரு மாத்திரையை விடுவதால் கல்லீரலுக்கு ஒரு லாபமும் இல்லை. முந்தைய இரவு போட்ட அட்டர்வாஸ்டாட்டினின் வேலை பாதியாகக் குறையவே 20 முதல் 30 மணி நேரம் ஆகும். நீங்கள் கிளாஸைக் கையில் எடுக்கும்போது அது உள்ளே இருக்கத்தான் செய்கிறது.

மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைச் சாப்பிடும்போது குடிக்கவே கூடாது என்று எச்சரிப்பார்கள் இல்லையா? அட்டர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகளுக்கு அப்படி ஒரு முழுத் தடை கிடையாது. ஆனால் கொழுப்பைத் தயாரிக்கும் என்சைமை ஸ்டாட்டின் தடுப்பதும், மதுவை உடைத்து வெளியேற்றும் வேலை நடப்பதும் பெரும்பாலும் ஒரே கல்லீரலில்தான். அளவு மீறும்போதுதான் சிக்கல். தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களுக்கு ஸ்டாட்டினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

சரி, எவ்வளவு என்பது அளவு? இங்கேதான் பலரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 5 சதவீத பீர் 330 மி.லி. குடித்தால் ஏறக்குறைய 13 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. 40 சதவீத விஸ்கி 60 மி.லி. என்றால் கிட்டத்தட்ட 19 கிராம். ‘ரெண்டே ரெண்டு லார்ஜ்’ என்பது 38 கிராம், அதாவது மூன்று சின்ன பீருக்குச் சமம். மாதம் மூன்று நாள்தானே என்று அந்த மூன்று நாளில் ஆளுக்கு ஒரு பாட்டிலைக் காலி செய்வதைத் தினமும் கொஞ்சம் குடிப்பதைவிடப் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை மது ஏற்றும். கொழுப்பைக் குறைக்க மாத்திரை, அதை ஏற்ற கிளாஸ்! உங்கள் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 500 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டியிருந்தால் கணைய அழற்சி வரும் அபாயம் உண்டு; அப்போது ஒரு துளியும் வேண்டாம். கல்லீரல் நோய் ஏற்கெனவே இருந்தாலும் அப்படித்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால் கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு என்சைம்களின் வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். மாத்திரையால் இவை லேசாக ஏறுவது உண்டு. இயல்பின் மேல் வரம்பைப்போல மூன்று மடங்குக்குள் இருந்தால், வேறு தொந்தரவு இல்லாதபோது மருத்துவர்கள் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்துவதில்லை. எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைப்போல இரண்டு மடங்கு இருந்து, கூடவே ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் என்சைமும் ஏறியிருந்தால் சந்தேகம் மதுவின் பக்கம் திரும்பும். டாக்டர் கேட்கும்போது பெக் கணக்கைப் பாதியாகக் குறைத்துச் சொல்லும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அப்படிச் சொன்னால் பழி மாத்திரைமேல் விழுந்து, தேவையான மருந்து நின்றுபோகும்.

குடித்த இரவு மறந்து தூங்கிவிட்டீர்களா? அட்டர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம். காலையில் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு 12 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். தொடையிலும் தோளிலும் காரணமில்லாத வலி, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.