எஞ்சினைத் திறக்கும் முன்பே பிஸ்டன் வாங்கலாமா?

கேள்வி: என் டர்போ காரில் எஞ்சின் தட்டுகிறது. பேரிங் போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். எப்படியும் பிரிக்கப் போகிறோமே, பவரையும் கூட்டிவிடலாம் என்று ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன்), பெரிய டர்போ, கேம்ஷாஃப்ட் எல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டேன். நிலுவை மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு வந்துவிட்டது. மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். வீட்டுச் செலவு போக சம்பளத்தில் 30 சதவீதம் மிஞ்சும். பர்சனல் லோன் எடுத்து வேலையை முடித்துவிடச் சொல்கிறார் மைத்துனர். எடுக்கலாமா?

பதில்: எஞ்சின் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அதற்குள் பிஸ்டன் வந்துவிட்டது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பிஸ்டன் ஓடும் சிலிண்டரில் கீறல் இருந்தால் ரீபோர் செய்ய வேண்டும், அதாவது கடைந்து சற்றுப் பெரிதாக்க வேண்டும். அப்போது 0.25 அல்லது 0.5 மி.மீ. பெரிய பிஸ்டன் தேவைப்படும், நீங்கள் வாங்கியது பொருந்தாது. அளவெடுத்த பிறகுதான் பிஸ்டன் வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கார்டு கையில் இருந்ததால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சம்பளத்தை 100 என்று வைப்போம். நிலுவை 300. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 9. மினிமம் 5 சதவீதம், அதாவது 15 கட்டினால் அசலில் 6தான் குறைகிறது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் பெரும்பாலும் கிடைக்காது. மாதம் 25 கட்டினால் 15 மாதத்தில் ஏறக்குறைய முடியும், மொத்தம் சுமார் 375 போகும்.

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. ஆண்டுக்கு 15 சதவீதத்தில் லோன் கிடைத்தால் அதே 25 கட்டி 13 மாதத்தில் ஏறக்குறைய முடிக்கலாம், மொத்தம் 325 சொச்சம். பிராசசிங் கட்டணம் போனாலும் லாபம்தான். ஆனால் அந்த லோன் கார்டை அடைக்க மட்டும். எஞ்சினுக்கென்று ஒரு காசுகூட மேலே எடுக்காதீர்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ' பக்கமும் போகாதீர்கள். வட்டி இல்லை என்பார்கள், பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி காணாமல் போயிருக்கும்.

மீதி 5ஐத் தனியாகச் சேருங்கள். 13 மாதத்தில் 65. பிரித்து அளவெடுக்க அது போதுமா என்று லேத் பட்டறையில் இப்போதே விசாரித்துவிடுங்கள். கிராங்க், பிளாக், ஹெட் மூன்றின் அளவும் கையில் வந்த பிறகு எஸ்டிமேட் போடுங்கள். போரிங் (சிலிண்டரைக் கடைவது), ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), பேலன்ஸிங் (சுழலும் பாகங்களின் எடையைச் சமன் செய்வது) கூலி, கேஸ்கட், ஒருமுறை இறுக்கினால் மாற்றியே ஆக வேண்டிய போல்ட்டுகள், டியூனிங், ரன்னிங்-இன் (புது எஞ்சினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) ஆயில் மாற்றம் எல்லாம் அதில் இருக்கட்டும். பேரிங் போன எஞ்சினில் உலோகத்தூள் ஆயில் கூலருக்குள்ளும் போயிருக்கும், அதையும் சேருங்கள். எஸ்டிமேட்டில் வருகிற தொகையும் அதற்கு மேல் கால் பங்கும் கையில் சேர்ந்த பிறகே வேலையைக் கொடுங்கள். கடன் முடிந்தபின் மாதம் 30 சேரும் என்பதால் எத்தனை மாதம் என்பது அப்போது தெரிந்துவிடும்.

வாங்கிய பெரிய டர்போவை விற்றுவிடுங்கள். அதை மாட்டினால் இன்ஜெக்டர், ஃப்யூல் பம்ப், கிளட்ச் என்று வரிசையாகக் கேட்கும். முதலில் எஞ்சின் ஆரோக்கியமாக ஓடட்டும், பவர் அப்புறம்.

அதுவரை காரை எடுக்காதீர்கள். தட்டுகிற கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) உடைந்தால் பிளாக்கையே துளைத்துவிடும், அப்புறம் ரீபோர் செய்ய ஒன்றும் இருக்காது. பிஸ்டன் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு நாளைக்கே விற்றவரிடம் பேசுங்கள், திருப்பி எடுக்கும் கெடு முடிந்திருக்காமல் இருக்கலாம்.