கேள்வி நேரம்: ஒன்பது கிளப், ஒரே மிட்ஃபீல்டர்

இங்கிலாந்து கால்பந்தின் கீழ்நிலை லீக்குகளைப் பற்றி (மூன்றாம் நிலை லீக் ஒன், நான்காம் நிலை லீக் டூ) இந்த முறை நிறையக் கடிதங்கள். பெரும்பாலும் ஒரே ஆளைச் சுற்றித்தான்: வருடத்துக்கு ஒரு சட்டை மாற்றும் நடுக்கள ஆட்டக்காரர்.

ஒரு லீக் டூ மிட்ஃபீல்டர் 32 வயதுக்குள் ஒன்பது கிளப்பில் ஆடியிருக்கிறார். எங்கும் நிலைக்கவில்லை என்றால் ஆட்டம் போதவில்லை என்றுதானே பொருள்? (வாசகர், தூத்துக்குடி)

கிளப்புகளை எண்ணாதீர்கள், ஆட்டங்களை எண்ணுங்கள். லீக் ஒன், லீக் டூ இரண்டிலும் 24 அணிகள். அணிக்கு 46 லீக் ஆட்டம். ஒன்பது கிளப்பிலும் சீசனுக்கு 35, 40 ஆட்டம் என்று இருந்தால், அவரை ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பயிற்சியாளர் தேடிப் பிடித்திருக்கிறார். 11, 7, 14 என்று இருந்தால்தான் காயமா, பெஞ்சா என்று கேட்க வேண்டும்.

அந்த ஒன்பதில் இரண்டு மூன்று, 21 வயதுக்கு முன் போன லோன்களாக இருக்கும், அதாவது ஒப்பந்தம் ஒரு கிளப்பில், தற்காலிகமாக ஆடுவது இன்னொன்றில். மீதி, ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தங்கள். அவரை எடுத்த பயிற்சியாளர் நவம்பரில் வேலை இழந்தால், புதிதாக வருபவர் தனக்குத் தெரிந்த ஆளைக் கொண்டுவருவார். இதில் ஆட்டக்காரரின் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை.

டப்ளினில் பிறந்த மைக்கேல் டாயிலைப் பாருங்கள். கோவென்ட்ரியில் எட்டு வருடம், நடுவில் லீட்ஸுக்கு லோன், பிறகு ஷெஃபீல்ட் யுனைடெட், போர்ட்ஸ்மவுத். 2017 மே மாதம் போர்ட்ஸ்மவுத் கேப்டனாக லீக் டூ கோப்பையைத் தூக்கினார். அடுத்த சீசனில் அதே லீக் டூவில் கோவென்ட்ரி கேப்டன். 2018இல் வெம்ப்ளியில், மேல் லீக்குக்குப் போகும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் எக்ஸிட்டரை 3-1 என வென்று மீண்டும் மேலே. அப்போது வயது 36. இதை நிலையாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த லீக்கில் மிட்ஃபீல்டர் என்னதான் செய்கிறார்? பந்து தலைக்கு மேலேயே போகிறதே! (வாசகர், சென்னை வியாசர்பாடி)

மேலே போகிற பந்து எங்கோ விழுந்துதானே ஆக வேண்டும்? அந்த ‘செகண்ட் பால்’ அவருடைய சாப்பாடு. நீளமாக அடித்த பந்துக்குத் தங்கள் ஸ்ட்ரைக்கரும் எதிரணி டிஃபெண்டரும் தாவும்போது, நல்ல மிட்ஃபீல்டர் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்க மாட்டார். யார் முதலில் தொடுவார் என்று ஊகித்து, எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, உடம்பைப் பக்கவாட்டில் திறந்துவைத்து நிற்பார். பந்து விழுவதற்குள் இரண்டு முறையாவது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், இரண்டு மிட்ஃபீல்டரும் ஒரே பந்துக்குப் பாய்வதில். தொட முடியாமல் போனால் நான்கு டிஃபெண்டர்களுக்கு முன்னால் பெரிய மைதானமே காலி. ஒருவர் போனால் மற்றவர் நிற்க வேண்டும். யார் போவது என்பது கத்திச் சொல்ல வேண்டிய விஷயம். ஜனவரியில் சில மைதானங்கள் நாற்று நட்ட வயல் மாதிரி ஆகிவிடும். ஆறு திருகு ஸ்டட் ஷூ இல்லாமல் அங்கே திரும்பினால் கால் வழுக்கும், தொடையிடுக்குத் தசை இழுத்துக்கொள்ளும்.

வாரம் 1,200 பவுண்டு என்றால் கையில் எவ்வளவு நிற்கும்? (வாசகர், மதுரை)

52 வாரத்துக்கு 62,400 பவுண்டு. இங்கிலாந்து வரிப்படி முதல் 12,570க்கு வரி இல்லை. அடுத்த 37,700க்கு 20 சதவீதம். மீதி 12,130க்கு 40 சதவீதம். வருமான வரி 12,392. தேசியக் காப்பீடு சுமார் 3,260. கையில் நிற்பது ஏறக்குறைய 46,750, மாதம் 3,900 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. ஓய்வூதியப் பிடித்தம் தனி.

ஏஜென்ட் 5 சதவீதம் கேட்டால் 3,120. ‘அதைக் கிளப் கட்டிவிடும்’ என்று சொன்னால் நிம்மதியாகிவிடக் கூடாது. ஆட்டக்காரர் சார்பாகக் கிளப் கட்டும் தொகை அவருடைய வருமானமாகவே கணக்காகி, இந்த உதாரணத்தில் 1,248 பவுண்டு கூடுதல் வரி வரும்.

ஐந்தாம் நிலையான நேஷனல் லீக்கிலும் அதற்குக் கீழும் இன்னொரு பள்ளம் உண்டு. சில கிளப்புகள் சீசன் நடக்கும் வாரங்களுக்கு மட்டும் சம்பளம் எழுதும். அதே 1,200ஐ 42 வாரத்துக்கு எழுதினால் ஆண்டுக்கு 50,400தான். வாரக் கணக்கை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டவருக்கு 12,000 பவுண்டு நஷ்டம்.

சம்பளத்தைத் தவிர ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும்? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

முதலில் நீட்டிப்புப் பிரிவு. ‘25 ஆட்டம் ஆடினால் தானாக இன்னும் ஓராண்டு’ என்று இருந்தால், ஆட்டம் என்றால் என்ன என்று கேளுங்கள். தொடக்கப் பதினொன்றில் இருப்பதா? 88ஆம் நிமிடத்தில் மாற்று ஆளாக வந்தால் எண்ணிக்கையில் சேருமா? கோப்பை ஆட்டங்கள் சேருமா, லீக் மட்டுமா? எழுத்தில் இல்லாவிட்டால் சண்டை நிச்சயம். 23இல் நிற்கும் ஆள் மார்ச் மாதம் திடீரென்று பெஞ்சில் உட்கார்ந்தால், காரணம் எப்போதும் காலில் இருக்காது. கணக்குப் புத்தகத்தில் இருக்கும். ‘கிளப் விரும்பினால் ஓராண்டு’ என்பதோ வேறு. அந்த உரிமை கிளப்புக்கு மட்டும், உங்களுக்கு இல்லை.

அடுத்து, அணி கீழிறங்கினால் சம்பளம் எத்தனை சதவீதம் குறையும் என்பது. 25 சதவீதம் என்றால் 1,200 என்பது 900 ஆகும். இப்படி எழுதினால், மேலே போனால் எவ்வளவு கூடும் என்பதையும் எழுதச் சொல்வது நியாயம். பலர் கேட்பதில்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற போனஸ் பெரிதாகவும் அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் இருந்தால், காயத்தோடு ஆட ஆசை வரும். முட்டி, கணுக்கால் பிரச்சினை உள்ளவர் இதற்கு நேர்மாறாகக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

மஞ்சள் அட்டைக்குத் தடை எப்போது? (வாசகர், திருச்சி)

முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து வாங்கினால் ஓர் ஆட்டம். 37க்குள் பத்து என்றால் இரண்டு. சீசனுக்குள் பதினைந்து என்றால் மூன்று. கோப்பை ஆட்டங்களின் மஞ்சள் தனிக் கணக்கு. அதனால்தான் நான்கு மஞ்சளோடு 18ஆம் ஆட்டத்துக்கு வரும் மிட்ஃபீல்டர் அன்றைக்குக் கொஞ்சம் சாதுவாகத் தெரிவார்.

மே மாதம் ‘விடுவிக்கப்பட்டார்’ என்று செய்தி வந்தபின் என்ன நடக்கும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் வெளியிடும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஜூன் 30 வரை ஓடும். 24 வயதைத் தாண்டியவர் காசில்லாமல் எங்கும் போகலாம். அதற்குக் குறைந்தவருக்குப் பழைய கிளப் முன்பைவிடக் குறையாத ஒப்பந்தம் கொடுக்க முன்வந்திருந்தால், புதிய கிளப் ஈட்டுத்தொகை தர வேண்டிவரும். சின்ன கிளப்புகள் 23 வயதுக்காரரைக் கண்டு தயங்குவது இதற்காகத்தான்.

பிறகு ஜூலை. நட்பு ஆட்டங்களில் பட்டியலில் பெயர் இருக்காது, ‘டிரையலிஸ்ட்’ (சோதித்துப் பார்க்க அழைத்த ஆள்) என்று மட்டும் போட்டிருக்கும். அங்கே போவதற்கு முன் ஜூன் முழுவதும் தனியாக ஓடியிருக்க வேண்டும். நடுக்கள ஆள் ஓர் ஆட்டத்தில் 10, 11 கிலோமீட்டர் ஓடுகிறார். மூச்சு வாங்கினால் முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும். ஆகஸ்டிலும் இடம் கிடைக்கவில்லையா? ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் காலம் மூடும்போது கையில் ஒப்பந்தம் இல்லாதவரை மார்ச் மாத நான்காம் வியாழன் வரை சேர்க்கலாம். அக்டோபரில் யாருக்காவது தொடைத்தசை கிழியும், போன் வரும். உடம்பைக் கெடாமல் வைத்திருப்பவருக்குத்தான் அந்த போன் பயன்படும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம். இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். லோனும் கணக்கில் சேரும். செப்டம்பரில் தாய்க் கிளப்புக்கு ஐந்து நிமிடம் இறங்கிவிட்டு, லோனில் ஒரு கிளப்புக்கு ஆடியவர், ஜனவரியில் மூன்றாவதற்குப் போனால் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும்.

கிளப் சம்பளமே தராவிட்டால்? (வாசகர், புதுச்சேரி)

2019 ஆகஸ்ட் 27 அன்று பெரி கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய சீசனில்தான் லீக் டூவிலிருந்து மேலே போயிருந்தார்கள். ஆக, இது கற்பனைக் கேள்வி இல்லை. இங்கிலாந்தில் முதல் போன், 1907இல் மான்செஸ்டரில் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கமான பிஎஃப்ஏவுக்கு. வெளிநாட்டில் ஆடுபவருக்கு ஃபிஃபா விதி கைகொடுக்கும்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்புறமும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அறிவிப்பு கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

இந்த லீக்குகளில் தமிழர் யாராவது? (வாசகர், டொரோண்டோ)

பார்ன்ஸ்லியின் விமல் யோகநாதன். வேல்ஸில் பிறந்தவர், ஈழத்தமிழ்ப் பெற்றோர், லிவர்பூல் அகாடமியில் பயின்றவர், மிட்ஃபீல்டர். 2024 ஆகஸ்டில் லீக் கோப்பையில் விகனுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார்.

முப்பத்தைந்துக்குப் பிறகு? (வாசகர், ஈரோடு)

பலர் பயிற்சியாளர் சான்றிதழுக்குப் போகிறார்கள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் பி, அப்புறம் ஏ. எல்லோருக்கும் அங்கே வேலை இல்லை. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்த முன்னாள் ஆட்டக்காரர்கள் கணிசம். பிஎஃப்ஏ படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் விண்ணப்பத்தை 35இல் நிரப்பினால் பட்டம் வரும்போது 38 தாண்டியிருக்கும், நடுவில் சம்பளம் இருக்காது. செவ்வாய் இரவும் வியாழன் இரவும் மட்டும் பயிற்சி செய்யும் பகுதிநேர கிளப்புக்கு 31, 32இலேயே இறங்கி, பகலில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் குறையும். படிப்பு முடியும்போது காலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.