ஷிஃப்ட் வேலையோடு தொழிலக மேலாண்மைப் பட்டம்: எதில் சேர்வது?

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் இன்ஜினியராக இருக்கிறேன். வயது 31. பி.இ. மெக்கானிக்கல், ஏழு வருட அனுபவம். ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். தொழிலக மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் வாங்க ஆசை. பகுதி நேர எம்.இ., அஞ்சல் வழி எம்.பி.ஏ., எட்டு லட்சம் ரூபாயில் ஒரு எக்ஸிகியூட்டிவ் புரோகிராம் என்று மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. வேலையை விட முடியாது, குழந்தை இருக்கிறது. எது சரி? எச்.ஆரிடம் இப்போதே சொல்லிவிடலாமா?

பதில்: முதலில் அந்த எட்டு லட்சத்தைப் பேசி முடித்துவிடுவோம். பெரிய கல்வி நிறுவனத்தின் பெயரை முன்னால் வைத்து, இணையப் பயிற்சிக் கம்பெனிகள் வழியாக விற்கப்படும் எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்களில் பெரும்பாலானவை சான்றிதழ்ப் படிப்புகள்தான், பட்டம் இல்லை. போன் செய்கிறவரிடம் “இது டிகிரியா?” என்று நேராகக் கேளுங்கள். “முன்னாள் மாணவர் அந்தஸ்து கிடைக்கும் சார்” என்று பதில் வேறு பக்கம் போனால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும். படிப்பு மோசம் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே முதுநிலைப் பட்டம் வைத்திருக்கிற மேனேஜருக்கு அது உதவலாம். நீங்கள் கேட்பது பட்டம். எட்டு லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய் வரும். அந்தச் சான்றிதழைக் காட்டி உங்கள் தொழிற்சாலையில் சம்பளம் அந்த அளவுக்கு ஏறுமா என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து, அஞ்சல் வழி. இதில் எம்.பி.ஏ. வேறு, எம்.டெக். வேறு. பொறியியல் பட்டங்களை அஞ்சல் வழியில் தருவதை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளும் தொலைநிலையில் பொறியியலை அனுமதிப்பதில்லை. ஆகவே ‘அஞ்சல் வழி எம்.டெக்.’ என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால் வாங்காமலே நகர்ந்துவிடுங்கள். எம்.பி.ஏ.வுக்கு இந்தச் சிக்கல் இல்லை. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த பல்கலைக்கழகமாக இருந்தால், அந்தப் பட்டம் நேரடி வகுப்பில் வாங்கியதற்குச் சமம் என்று 2022-ல் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று யு.ஜி.சி. தளத்தில் நீங்களே பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.பி.ஏ.வில் ஆபரேஷன்ஸ் மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம், கட்டணமும் தாங்கக்கூடியது.

இப்போது எம்.இ.யா, எம்.பி.ஏ.வா? தொழிலக மேலாண்மை என்பதே இரண்டுக்கும் நடுவில் நிற்கிற துறை. இயந்திரம், ஆள், சரக்கு, நேரம், பணம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பார்ப்பது அது. இந்தியாவில் இதற்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு 1963-ல் மும்பை பவாயில் தொடங்கப்பட்டதுதான் நிட்டி. 2023-ல் அது ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. நம் ஊரில் கிண்டி பொறியியல் கல்லூரியில் தொழிலகப் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் தொழிலகப் பொறியியலும் மேலாண்மையும் சேர்ந்த எம்.டெக். உண்டு. ஆனால் வேலையில் இருந்துகொண்டு ஒரகடத்திலிருந்து திருச்சிக்குப் போய்ப் படிக்க முடியாது.

பிற்காலத்தில் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் எண்ணம் ஓரத்தில் இருந்தாலும் எம்.இ. அல்லது எம்.டெக். பக்கம் போங்கள். எம்.பி.ஏ.வை வைத்துக்கொண்டு மெக்கானிக்கல் துறையில் பேராசிரியர் ஆக முடியாது. பிளான்ட் ஹெட், சப்ளை செயின், கொள்முதல் என்று மேலே போவதுதான் இலக்கு என்றால் எம்.பி.ஏ. போதும். லைன் பேலன்சிங் (லைனில் உள்ள வேலையை எல்லா இடத்துக்கும் சமமாகப் பிரிப்பது), லேஅவுட், தரக் கட்டுப்பாட்டுப் புள்ளியியல் இவற்றில்தான் மனம் லயிக்கிறது என்றால் எம்.இ.

எம்.இ.யில் உங்களுக்கு உண்மையான தடை பாடம் அல்ல, ரோஸ்டர், அதாவது ஷிஃப்ட் அட்டவணை. பகுதி நேர எம்.இ. என்றால் ஆறு பருவம், மூன்று வருடம், வகுப்பு மாலையில். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். பி ஷிஃப்ட் வாரத்தில் வகுப்பு நேரத்தில் நீங்கள் லைனில் நிற்பீர்கள். சி ஷிஃப்ட் வாரத்தில் கிண்டியில் வகுப்பு முடித்து, ஒரகடம் திரும்பி, விடிய விடிய வேலை பார்த்து, காலையில் வீடு. மூன்று வாரத்தில் ஒரு வாரம் முழுதும் போனால் மீதி அத்தனை வகுப்புக்கும் தவறாமல் போனாலும் 67 சதவீதம்தான் தேறும். மாதக் கடைசி டிஸ்பேட்ச் நெருக்கடியும் கஸ்டமர் ஆடிட்டும் இதில் சேரவில்லை. ஜெனரல் ஷிஃப்ட் கிடைக்காமல் பகுதி நேர எம்.இ.யில் சேர்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மன உறுதி இருந்தால் சமாளிக்கலாம் என்பார்கள். வருகைப் பதிவேட்டில் மன உறுதிக்குக் கட்டம் கிடையாது.

நிரந்தர ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது பகுதி நேர இடம் நீங்கள் விரும்பும் பிரிவில் அந்த ஆண்டு அறிவிக்கப்படுகிறதா, வேலை அனுபவமும் நிறுவனத்தின் கடிதமும் என்ன வடிவத்தில் கேட்கிறார்கள் என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆனால் கேட் எழுதியவர்களுக்குத் தரும் மாத உதவித்தொகை முழு நேர மாணவர்களுக்கு மட்டும்தான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஷிஃப்ட் மாறாது என்றால், வார இறுதியில் நடக்கும் படிப்புகள்தான் உங்களுக்கு ஒத்துவரும். சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை நடத்தும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. முறையான பட்டம். பெயரில் எக்ஸிகியூட்டிவ் இருப்பதால் மேலே சொன்ன சான்றிதழோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டணம் மட்டும் கையைக் கடிக்கும். பிட்ஸ் பிலானி, வேலையில் இருப்பவர்களுக்காகவே நடத்தும் திட்டத்தில் உற்பத்தி மேலாண்மை எம்.டெக். இருக்கிறது. நான்கு பருவம், கடைசிப் பருவத்தில் உங்கள் வேலையிடத்திலேயே ஆய்வேடு. உங்கள் நிலைமையில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான், அடுத்து இக்னோ.

ஏன் ஆய்வேட்டை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வேலையில் இருக்கிறவருக்கு இந்தப் பட்டத்தில் கிடைக்கும் லாபம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. உங்கள் லைனில் ஒரு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 480 நிமிட ஷிஃப்ட்டில் சாப்பாடு, டீ போக 450 நிமிடம். பிரேக்டவுன், டை (பாகத்துக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றம் எல்லாம் சேர்ந்து 60 நிமிடம் போகிறது. ஒரு பீஸுக்கு அரை நிமிடம் என்றால் மீதி 390 நிமிடத்தில் 780 பீஸ் வர வேண்டும், வந்தது 680. அதில் நல்லவை 660. காலை மீட்டிங்கில் “ரிஜெக்‌ஷன் மூணு சதவீதம்தான்” என்று எல்லோரும் திருப்தியாக எழுந்து போவார்கள். 450 நிமிடத்தில் 900 பீஸ் வந்திருக்க வேண்டிய இடத்தில் 660 என்றால் ஓ.இ.இ., அதாவது இயந்திரத்தின் மொத்தச் செயல்திறன், 73 சதவீதம். 240 பீஸ் எங்கே போனது? 120 நின்ற நேரத்தில், 100 மெதுவாக ஓடியதில், 20 ரிஜெக்‌ஷனில். அந்த மீட்டிங்கில் அலசியது கடைசி இருபதை மட்டும்.

அந்த 120-ல் டை மாற்றத்தின் பங்கைக் குறைப்பதே ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதும். ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறைப்படி, இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிற வேலைகளையும், ஓடும்போதே முன்கூட்டிச் செய்துவைக்கக் கூடியவற்றையும் பிரிக்க வேண்டும். டையைத் தேடுவது, டிராலிக்குக் காத்திருப்பது, ஸ்பேனருக்காக டூல் ரூமுக்கு நடப்பது எல்லாம் இரண்டாவது வகை. வீடியோ எடுத்து நிமிடம் நிமிடமாக எழுதினால் பாதி விஷயம் தானாக வெளியே வரும். நடந்ததைக் கணக்காகவும் ரூபாயாகவும் எழுதிக் காட்டினால், வாங்கப்போகும் பட்டத்தைவிட அது உங்கள் அப்ரைசலில் அதிகம் பேசும். சென்னைப் பகுதி ஆட்டோ தொழிலுக்கு இது புதிதும் அல்ல. 1998-லேயே சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலில் வாங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட வேலையை மதிக்கத் தெரிந்த சீனியர்கள் இங்கே நிறைய உண்டு.

பாடங்களில் மெக்கானிக்கல்காரர்கள் தடுமாறுவது பெரும்பாலும் புள்ளியியலிலும் காஸ்ட் அக்கவுண்டிங்கிலும். சேர்வதற்கு முன்பே இந்த இரண்டையும் ஒருமுறை புரட்டிவைத்தால் முதல் பருவம் லேசாகும்.

சரி, எச்.ஆர். விஷயம். இப்போதே போய் “படிக்கப் போகிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலையை விடப் போகிறார் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதலில் உங்கள் பிளான்ட் ஹெட்டிடம் போங்கள், படிப்பின் பெயரோடு ஆய்வேட்டுக்கு எந்தச் சிக்கலை எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் சரி என்றால் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: தேர்வு நாட்களில் விடுப்பு அல்லது ஷிஃப்ட் மாற்றம், தொழிற்சாலைத் தரவுகளைப் பெயர் மறைத்து ஆய்வேட்டில் பயன்படுத்த அனுமதி. இரண்டாவதைப் பலர் மறந்துவிட்டுக் கடைசிப் பருவத்தில் தவிக்கிறார்கள். கட்டணத்தில் ஒரு பங்கைக் கம்பெனி தருகிறேன் என்றால், இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட் வரும். பணத்தைவிட வருடக் கணக்கை முதலில் படியுங்கள். படிப்பு முடிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்களா, சேர்ந்த நாளிலிருந்தா என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.