மாவுச்சத்தைக் குறைக்க எந்தப் புத்தகம்?

உணவு ஆலோசனை என் தொழில், புத்தகம் வாங்கிக் குவிப்பது என் பலவீனம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: லோ கார்ப் (மாவுச்சத்து குறைந்த உணவுமுறை) என்று தேடினால் நூறு புத்தகம் வருகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஒரு எண்ணைத் தேடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சாப்பிடச் சொல்கிறார்கள்? 130 கிராமுக்குக் கீழே வந்தாலே பொதுவாக லோ கார்ப் என்பார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் என்றால் அது கீட்டோ, அதாவது லோ கார்ப்பிலேயே மிகக் கடுமையான வகை. 120 கிராமில் சாப்பிடுகிறவரும் 20 கிராமில் சாப்பிடுகிறவரும் ஒரே மேசையில் உட்கார முடியாது, ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரை ஒட்டி விற்கிறார்கள். எண்ணே சொல்லாமல் "குறையுங்கள், குறையுங்கள்" என்று இருநூறு பக்கம் ஓட்டும் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அந்த எண் நார்ச்சத்தையும் சேர்த்தா, கழித்தா என்பதையும் பாருங்கள். அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக் கணக்குக்குள் நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பிய லேபிளில் அதைத் தனியாகக் காட்டுவார்கள். அமெரிக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஐரோப்பிய லேபிளில் இன்னொரு முறை நார்ச்சத்தைக் கழித்தால் கணக்கு தப்பிவிடும்.

கேள்வி: அக்கா, நான் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புத்தகத்தைப் பார்த்து நானே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். இன்சுலினோ, உடலில் இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கிறவர் சட்டென்று மாவுச்சத்தைக் குறைத்தால், பழைய அளவு மருந்து அதிகமாகிவிடும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரையில் சிக்கல் வேறு மாதிரி. ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அதுவும் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே. சர்க்கரை மானியைப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறோம் என்று ஏமாந்துவிடுவோம். ரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். அதற்காக மருந்தை நீங்களாகவே குறைத்துவிடவும் கூடாது.

அதனால் நான் எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பேன். பொருளடைவில் மருந்து, கர்ப்பம், பாலூட்டுதல், சிறுநீரகம் இதெல்லாம் இருக்கிறதா? யாருக்கு இது கூடாது என்று சொல்லத் தெரியாதவர் யாருக்கு நல்லது என்று சொல்வதை எப்படி நம்புவது?

கேள்வி: "பத்தே நாளில் 3 கிலோ" என்று அட்டையில் இருக்கிறது. பொய்யா?

பதில்: பொய்யில்லை, ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் சேமிப்பு கரையும், நீரும் வெளியேறும். இதை எழுதியவரே சொல்லிவிட்டால் நல்ல புத்தகம்.

கேள்வி: டாக்டர் எழுதியது என்றால் போதும்தானே?

பதில்: இந்த விஷயத்தில் முதலில் பிரபலமானது 1863இல் வில்லியம் பேண்டிங் வெளியிட்ட சிறு நூல். அவர் லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்கிறவர்! தன் டாக்டர் சொன்ன உணவுமுறையில் எடை குறைந்த கதையைத்தான் எழுதினார். ஆனால் ஒருவர் கதை ஒருவர் கதைதான், அதை டாக்டரே எழுதினாலும் சரி. ஆய்வுகளைக் காட்டுகிறாரா, தனக்கு எதிரான ஆய்வையும் சேர்த்தா என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு. லோ கார்ப் குழுவில் சராசரியாக 6 கிலோ குறைந்தது, கொழுப்பைக் குறைத்த குழுவில் 5.3 கிலோ. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை என்றே சொன்னார்கள். 2018க்கு அப்புறம் வந்தும் இதைத் தொடாமல் "இது ஒன்றே வழி" என்று அடித்துச் சொல்கிற புத்தகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வராது.

கேள்வி: கொழுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறது நான் வாங்கியது.

பதில்: சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறும். தொடங்கும் முன்பும் சில மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறதா? இல்லையென்றால் அதை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்று கிடக்கிறது. அதுவே போதுமா?

பதில்: சமையல் குறிப்புக்குப் போதும். மருந்து விஷயத்துக்குப் போதாது. மேலே சொன்ன எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகள் 2012 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன, உங்கள் புத்தகத்தில் அந்தப் பெயரே இருக்காது.